அது வேறு

சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது, வழக்கம்போலப் பழைய இலக்கியத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எழுதிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். கணியன் பூங்குன்றனாரைப் பற்றி எழுதினால் யாருக்கும் மனவருத்தம் இராது. புலம்பெயர்ந்த தமிழர்களின் மலர்களில் அவர் இடம்பெறாத ஆண்டே இல்லை எனலாம். நாமே அவரைப் பற்றி நான்கு மலர்களில் எழுதியிருக்கிறோம். இம்முறை மனம் அங்கே செல்லவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்மை விடாமல் தொடர்ந்துவரும் ஓர் அமெரிக்கப் புதினத்தைப் பற்றியும், நம் வீட்டு மாட்டுக்கொட்டகையின் இறவாரத்தில் செருகியிருந்த ஓர் அலுமினிய டம்ளரைப் பற்றியும் எழுதலாம் என்று துணிந்தோம்.

புதினத்தின் பெயர் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்'. ஹார்ப்பர் லீ என்னும் அம்மையார் எழுதி 1960-இல் வெளிவந்தது. மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1962-இல் திரைப்படமாகவும் வந்தது. அமெரிக்காவின் தென்பகுதியான அலபாமாவில், 1930-களில், மேகோம்ப் என்ற கற்பனைச் சிற்றூரில் கதை நடக்கிறது. செய்யாத குற்றத்துக்காக டாம் ராபின்சன் என்னும் கறுப்பர் கூண்டில் நிறுத்தப்படுகிறார். அட்டிகஸ் என்னும் வெள்ளை வழக்கறிஞர் அவருக்காக வாதாடுகிறார். அட்டிகஸின் மகள் ஸ்கௌட் என்ற சிறுமியே கதையைச் சொல்கிறாள். இந்நூலைப் பற்றிப் பேசுவோர் எல்லாரும் அந்த வழக்கையும் வாதத்தையும் பேசுவார்கள். நமக்கோ வழக்கைவிட, வழக்கு முடிந்த பின் வரும் இரண்டு சிறு காட்சிகளே நெஞ்சில் தைத்தன.

முதலாவது, ஒரு தேநீர் விருந்து. ஊரிலுள்ள பெருமாட்டிகள் அட்டிகஸின் வீட்டில் கூடுகிறார்கள். ஆப்பிரிக்கக் காட்டில் வாழும் மருனா என்னும் குடியினரின் துன்பத்தை எண்ணி மெர்ரிவெதர் அம்மையார் உருகுகிறார். கண்ணில் நீர் ததும்ப, அந்த ஏழைகளுக்கு நம்மைவிட்டால் யார் என்று கேட்கும் நிலையில் இருக்கிறார். அடுத்த மூச்சிலேயே, டாம் ராபின்சனுக்குத் தண்டனை கிடைத்தது முதல் தம் வீட்டுச் சமையற்காரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிவதாகக் குறைகூறுகிறார். வடபகுதி வெள்ளையர்கள் கறுப்பரை விடுவித்தார்களே தவிர உடன் அமர்ந்து உண்பார்களா, அவர்களன்றோ வேடதாரிகள் என்றும் சொல்கிறார். அப்பேச்சு நடக்கும்போது பலகாரத் தட்டை ஏந்தி அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருப்பவள் கல்பூர்னியா என்னும் கறுப்பினப் பெண். அவள் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இரண்டாவது, ஒரு வகுப்பறை. ஜெர்மனியில் ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்தும் செய்தியை ஒரு மாணவன் வாசிக்கிறான். ஆசிரியை கேட்ஸ் அம்மையார் கரும்பலகையில் ஜனநாயகம் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறார். நம் நாட்டில் யாரையும் துன்புறுத்துவதில்லை, காழ்ப்பு உள்ளவர்கள்தாம் அப்படிச் செய்வார்கள் என்று பாடம் நடத்துகிறார். அவர் பொய் சொல்லவில்லை. மனமார நம்பித்தான் சொல்கிறார். சிறுமிக்கு மட்டும் ஓர் ஐயம். வழக்கு முடிந்த அன்று, நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது இதே ஆசிரியை கறுப்பர்களைக் குறித்துப் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது: இவர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது, விட்டால் நம்மையே மணம் செய்துகொள்ளலாம் என்று நினைப்பார்கள் என்று. ஹிட்லரை அவ்வளவு வெறுப்பவர் உள்ளூரில் இருப்பவர்களிடம் இப்படி இருப்பது எப்படி என்று சிறுமி தன் அண்ணனைக் கேட்கிறாள். அவன் விடை சொல்லவில்லை. சினம் கொண்டு, அந்த நீதிமன்றத்தைப் பற்றி இனிப் பேசவே கூடாது என்று அவளை உலுக்குகிறான்.

இந்த இடத்தைப் படித்தது 1980-ஆம் ஆண்டு. பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தோம். இரவு மணி பதினொன்று இருக்கும். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு விடுதி முற்றத்தில் வந்து நின்றோம். கணவாய்க் காற்று பனையோலைகளை அடித்துக்கொண்டிருந்தது. நினைவுக்கு வந்தது மேகோம்ப் அன்று. 1973-ஆம் ஆண்டுப் பொங்கல் விழா இரவும், ஒரு மாட்டுவண்டியும்.

அதைச் சொல்லுமுன் ஊரைச் சொல்லவேண்டும். பாலக்காட்டு மாவட்டத்தின் கீழைக்கோடியில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, முதலமடை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று நீளும் எல்லைப்புறம் நம் ஊர்ப்பக்கம். கேரளம் என்றதும் தென்னையும் காயலும் நினைவுக்கு வருவோர் இங்கே வந்தால் திகைப்பார்கள். பனையும் நிலக்கடலையும் செம்மண்ணும் மாந்தோப்புமாக, பொள்ளாச்சிச் சீமையின் தொடர்ச்சிபோல இருக்கும். சித்தூர் வட்டம் முன்பு கொச்சி அரசரின் நாடு. பாலக்காடு மலபார் மாவட்டத்தில் சேர்ந்து சென்னை மாகாணத்தின்கீழ் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது இவை யாவும் கேரளமாயின. தெற்கே தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் அவ்வாறே. அவற்றைத் தமிழகத்தோடு இணைக்கக் கோரித் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசார் மார்ஷல் நேசமணி தலைமையில் நடத்திய போராட்டம் கன்னியாகுமரிப் பகுதியையும் செங்கோட்டையையும் பெற்றுத் தந்தது. மலைகளைப் பெற்றுத் தரவில்லை. இருந்த இடத்தை விட்டு நகராமலேயே நாம் புலம்பெயர்ந்தவர்கள் ஆனோம் என்று நம் தந்தையார் சொல்வார்.

அவர் சிறு நிலமுடைய கவுண்டர் குடும்பத்தவர். ஓரளவு தமிழ்ப் புலமையும் பெரிய அளவு தமிழ்ப்பற்றும் உடையவர். வட்ட அலுவலகத்தில் ஒருமுறை, தமிழில் எழுதிய மனுவை ஓர் எழுத்தர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, 'பாண்டி'கள் மலையாளம் படித்துவிட்டு வரட்டும் என்று சிரித்தாராம். அன்று வீட்டுக்கு வந்த தந்தையார் உணவு கொள்ளவில்லை. 'பாண்டி' என்பது நமக்குப் புகழ்பெற்ற ஒரு நாட்டின் பெயர், ஓர் அரசமரபின் பெயர். அங்கே அது அழுக்குடையவன், நாகரிகமற்றவன் என்று பொருள்படும் வசை. அந்தச் சொல்லின் காயத்தை எல்லைப்புறத் தமிழர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நாமும் மறக்கவில்லை. பள்ளியில் அதைக் கேட்டு அழுதிருக்கிறோம்.

அந்தக் காயமே அவரைப் பேச்சாளராக்கியது. 1973 பொங்கலன்று சித்தூர்ப் பக்கம் ஒரு விழா மேடையில் தென்னாப்பிரிக்காவைப் பற்றிப் பேசினார். நிறவெறி அரசின் கொடுமை, வெள்ளையருக்குத் தனி இருக்கை, தனி நுழைவாயில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியடிகள் தொடர்வண்டியிலிருந்து தள்ளப்பட்டது, அங்கே நம் தமிழ்த் தொழிலாளர் பட்ட பாடு என்று ஒரு மணி நேரம் பேசினார். 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வாணிகத்தை முறித்துக்கொண்ட நாடு நம் நாடு என்று அவர் சொன்னபோது கைதட்டல் ஓயவில்லை. அது உண்மையும் கூட. அந்நாட்டுக்குச் செல்லாது என்று நம் கடவுச்சீட்டிலேயே அன்று அச்சிட்டிருந்தார்கள். நமக்கு அப்போது வயது பன்னிரண்டு. தந்தையைப் பார்த்துப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

திரும்பும்போது நள்ளிரவு. வண்டியை ஓட்டியவர் நம் பண்ணையத்தில் இருந்த பெரியவர், சக்கிலியர் குடியினர். பெயரை எழுதவில்லை, அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அவ்வூரில் வாழ்கிறார்கள். விழா முழுவதும் அவர் கொட்டகைக்கு வெளியே, மாடுகளின் பக்கத்தில் நின்று பேச்சைக் கேட்டிருந்தார். நெடுநேரம் மௌனமாக ஓட்டிக்கொண்டு வந்தவர், திரும்பிப் பாராமலே கேட்டார்:

"அந்தச் சீமைலயும் தனி டம்ளருங்களா, சாமி?"

ஏளனமாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார். அப்படித்தான் இன்றும் நாம் நம்புகிறோம். தந்தையார் விடை சொல்லச் சற்று நேரம் ஆயிற்று. "அது வேற, இது வேற. நீ வண்டியப் பாத்து ஓட்டு" என்றார். அதன்பின் வீடு வரும்வரை ஒருவரும் பேசவில்லை.

இனி டம்ளருக்கு வருவோம். நடுவில் ஒடுக்கு விழுந்த அலுமினிய டம்ளர். கொட்டகையின் இறவாரத்தில், பனையோலைக்கும் மூங்கிலுக்கும் இடையே அதன் இடம். அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு சிரட்டை இருந்ததாம். தந்தையார்தான் சிரட்டை கூடாது என்று சண்டையிட்டு அலுமினிய டம்ளரை வாங்கி வைத்தாராம். அதைச் சீர்திருத்தம் என்றே அவர் கருதினார். அக்காலத்துக்கு அது சீர்திருத்தமாகவும் இருந்திருக்கலாம். காலையில் பெரியவர் வந்து டம்ளரை எடுத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு விலகி நிற்பார். நம் அப்பத்தாள் மேலிருந்து காப்பியை ஊற்றுவார். குடித்து முடித்துத் தாமே கழுவி, மீண்டும் இறவாரத்தில் செருகிவிட்டுப் போவார். அவர் கழுவிய டம்ளரை நம் வீட்டார் எவரும் தொட்டதில்லை. அப்பத்தாள் கொடியவர் அல்லர். பெரியவரின் மனைவிக்குப் பேறுகாலத்தில் வாரக்கணக்கில் மருந்துக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தவர் அவர்தான். அதையும் வாசலில் வைத்துத்தான் கொடுத்தார்.

அந்த ஆண்டே பள்ளிக் கட்டுரைப் போட்டியில் நிறவெறியைக் கண்டித்து எழுதி நாம் முதற்பரிசு பெற்றோம். பெரும்பகுதி தந்தையாரின் பேச்சிலிருந்து எடுத்தது. பெரியவரின் இளைய மகன் நம் வகுப்பில் படித்தான். பரிசுப் புத்தகத்தைப் பார்க்க வீடுவரை வந்தான். வெயிலில் நடந்து வந்தவன் தண்ணீர் கேட்டான். திண்ணையில் அப்பத்தாள் அமர்ந்திருந்தார். நாம் செம்பை எடுத்து வந்து, அவன் குவித்த கைகளில் மேலிருந்து ஊற்றினோம். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவனும் கேட்காமலே குனிந்து கையைக் குவித்தான். தண்ணீர் அவன் முழங்கை வழியே வடிந்து பரிசுப் புத்தகத்தின் அட்டையை நனைத்தது. அந்தக் கறை இன்றும் இருக்கிறது.

மேகோம்ப் நகரத்துப் பெருமாட்டிகளை நாம் கண்டுகொண்டது இவ்வழியேதான்.

நிறமும் சாதியும் ஒன்றாகுமா என்று சிலர் கேட்பார்கள். அறிஞர்கள் அதைப் பற்றி நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். வேறுபாடுகள் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேறுபாட்டை யார், எப்போது நினைவூட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். 1873-இல் மகாராட்டிரத்தில் ஜோதிராவ் புலே 'குலாம்கிரி' என்ற நூலை எழுதியபோது, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். அவருக்கு 'அது வேறு' என்று தோன்றவில்லை. 2001-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐக்கிய நாடுகளின் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தபோது, சாதிக்கொடுமையையும் அங்கே பேசவேண்டும் என்று தலித் அமைப்புகள் கோரின. சாதி என்பது இனம் ஆகாது என்று இந்திய அரசு அதை எதிர்த்தது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, மாட்டுவண்டியில் கேட்ட அதே குரல் டர்பனிலும் கேட்பதுபோல் இருந்தது.

பாலக்காட்டிலிருந்தே இன்னொரு சான்று உண்டு. தேர்த்திருவிழாவுக்குப் பெயர்பெற்ற கல்பாத்தி, தமிழகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் குடியேறிய பிராமணர்களின் அக்கிரகாரம். நம்மைப் போலப் புலம்பெயர்ந்த தமிழர்கள் அவர்கள். அந்தத் தெருக்களில் ஈழவர்கள் நடக்கக் கூடாது என்ற தடை இருந்தது. 1924-ஆம் ஆண்டுத் தேரின்போது அதை மீறி நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் திருவிதாங்கூரில் வைக்கம் சத்தியாக்கிரகம் நடந்தது. ஈரோட்டிலிருந்து பெரியார் சென்று சிறைப்பட்டார். வைக்கத்தைத் தமிழர்கள் ஊர்தோறும் பேசுகிறோம். தமிழர் சென்று மலையாளியின் கோயில் தெருவைத் திறந்தார் என்பதால் அது நமக்கு இனிக்கிறது. தமிழர் தெருவில் மலையாளி நடக்க முடியாமல் போன கல்பாத்தியை எந்த மலரிலும் நாம் கண்டதில்லை. நாமும் இதுவரை எழுதியதில்லை.

1986-இல் இடுக்கி மாவட்டத்தில் தேயிலை மலைகளின் நடுவே ஒரு தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தோம். இருபத்துமூன்று ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினோம். 1877-இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றது முதல், கங்காணிகள் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த வரலாறு அன்பர்கள் அறிந்ததே. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். மேட்டில் துரையின் பங்களா, நடுவில் எழுத்தர்களின் வீடுகள், பள்ளத்தில் லைன்கள். வெள்ளையர் போனபின்னும் அந்த அமைப்பு மாறவில்லை. ஆனால் லைன்களுக்குள்ளும் ஒரு மேடும் பள்ளமும் உண்டு என்பதைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டோம். எந்த லைனில் யார் இருக்கிறார்கள், யார் யார் வீட்டு விசேடத்துக்கு யார் சாப்பிடாமல் மொய் மட்டும் வைத்துவிட்டு வருவார்கள் என்பதெல்லாம் எழுதாத பதிவேடாக எல்லாருக்கும் மனப்பாடம்.

ஒரு மழைநாள் பிற்பகல். பாடம் நடத்த இயலாதபடி தகரக்கூரையில் மழை இரைந்தது. மழை சற்று ஓய்ந்ததும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைத் தமிழில் சொன்னோம். கேட்ஸ் அம்மையார் வரை வந்தது. ஒரு பெண் எழுந்து, "சார், அந்த டீச்சர் கெட்டவங்களா?" என்று கேட்டாள். கெட்டவர் அல்லர், தம்மைத் தாமே காண முடியாதவர், பெரியவர்கள் பலர் அப்படித்தான் என்று விளக்கினோம். நல்ல விடை என்ற நிறைவு நமக்கு. அந்தப் பெண் உட்காரவில்லை.

"போன மாசம் பசங்களப் பாக்க லைனுக்கு வந்தீங்கல்ல சார். மேல் லைன் வரைக்கும் வந்தீங்க. எங்க லைனுக்கு ஏன் சார் வரல?"

மழை வந்துவிட்டது என்றோம். மழை உண்மையாகவே வந்ததுதான். ஆனால் மேல் லைனில் ஒரு வீட்டில் அமர்ந்து, காப்பி அருந்திக்கொண்டு, மழை விடும்வரை காத்திருந்தோமே! விட்டபின்னும் கீழே இறங்கவில்லை. மறுநாள் சென்றோம். அந்தப் பெண்ணின் தாய் கொழுந்து எடுக்கப் போயிருந்தார். வீடு பூட்டியிருந்தது.

அந்த மலைகளில் தமிழர் பட்ட துன்பங்களை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணையை ஒட்டிக் கிளம்பிய பகையில், ஏலத்தோட்டங்களில் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளர் பலர் மிரட்டப்பட்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கித் தேனி மாவட்டத்துக்குத் தப்பினார்கள். அதே நாட்களில் தமிழகத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அதைச் சொல்வோர் நம்மிடையே குறைவு. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர் போனஸ் குறைப்பை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையே விலக்கிவைத்துவிட்டு 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் சாலையை மறித்தார்கள். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லைன் வீடுகள் மண்ணுக்குள் போயின; எழுபது பேர் மாண்டார்கள். ஒவ்வொரு முறையும் நம் அன்பர்கள் உருகினார்கள். வீரத்தமிழ்ப் பெண்கள் என்று பாராட்டினார்கள், அஞ்சலிக் கவிதைகள் எழுதினார்கள். அத்தனையும் உண்மையான கண்ணீர். மெர்ரிவெதர் அம்மையாரின் கண்ணீரும் உண்மையானதே. ஆனால் அந்தத் தொழிலாளர் பிள்ளைகள் பட்டியல் சாதிச் சான்றிதழுக்காக, 1950-க்கு முன்பே முன்னோர் கேரளப் பகுதியில் வாழ்ந்ததற்கு ஆவணம் தேடி ஆண்டுக்கணக்காக அலைந்ததை எந்தக் கூட்டத்திலும் எடுத்துப் பேசி நாம் கேட்டதில்லை. அதைப் பேசினால் சாதியைப் பேசவேண்டும். தமிழர் என்று பேசுவது எளிது.

2015-இல் ஹார்ப்பர் லீயின் இன்னொரு நூல் வெளிவந்தது: 'கோ செட் எ வாட்ச்மேன்'. முன்னதற்கு முன்பே எழுதப்பட்டுக் கிடந்த கைப்படி. அதில் ஸ்கௌட் வளர்ந்து பெரியவளாகி ஊர் திரும்புகிறாள். உலகமே அறத்தின் உருவாகக் கொண்டாடிய அவள் தந்தை அட்டிகஸ், கறுப்பர்க்குச் சம உரிமை தருவதை எதிர்ப்போரின் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைக் காண்கிறாள். வாசகர்கள் பலர் அதிர்ந்தார்கள், இதை வெளியிட்டிருக்கவே கூடாது என்றார்கள். நமக்கு அதிர்ச்சி இல்லை. நம் தந்தையார் 2009-இல் காலமானார். பெரியவரின் குடும்பத்துக்கு அரைக் காணி நிலத்தை எழுதிவைத்துவிட்டே போனார். இறுதிவரை அவர்கள் கொல்லைப்புறமாகவே வந்து போனார்கள். இவ்விரண்டும் ஒரே மனிதர் செய்தவை. எதை வைத்து அவரை எடைபோடுவது என்று இன்னும் நமக்குத் தெரியவில்லை.

2017-இல் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் குடியிருப்பைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதின. சக்கிலியர் மக்களுக்குத் தேநீர்க்கடையில் தனிக் குவளை, தண்ணீர்க் குழாயில் பாகுபாடு என்று. கல்வியில் முதலிடம் என்று புகழப்படும் மாநிலத்தில் இப்படியா என்று பலரும் வியந்தார்கள். நம் தமக்கையார் தொலைபேசியில் அழைத்தார். "பாத்தியா தம்பி, நம்ம பக்கத்துலயே இப்பிடி. நம்ம ஊர்ல இதெல்லாம் என்னைக்கு இருந்துச்சு?" என்றார். காலையில் டம்ளர் கல்லின்மேல் வைக்கப்படும் ஓசையைக் கேட்டு எழுந்த பிள்ளைகள் நாங்கள் இருவரும். அவர் மறைக்கவில்லை. உண்மையாகவே மறந்திருந்தார். எடுத்துச் சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் விட்டோம்.

மறு ஆண்டு நம் மகளிடமிருந்து கடிதம் வந்தது. பெங்களூரில் உடன் பணிபுரியும் ஒருவரை மணக்க விரும்புவதாக எழுதியிருந்தாள். பையனின் பெற்றோர் பீர்மேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளராக இருந்து ஓய்வுபெற்றவர்கள் என்றும், இன்ன சாதியினர் என்றும் அவளே தெளிவாக எழுதியிருந்தாள். நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தொல்லையைக் குறைக்கவே அப்படி எழுதியதாக ஒரு வரி. முப்பதாண்டுகள் மேடையிலும் வகுப்பிலும் நாம் பேசிய பேச்சுகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கடிதத்தைப் படித்தவுடன் நம் மனத்தில் எழுந்த முதற்சொல் எது என்பதை இங்கே எழுதிவிடுவதே நேர்மை. 'அது வேறு' என்பதே அது. தந்தையாரின் குரலிலேயே எழுந்தது. மூன்று வாரம் விடை எழுதவில்லை. பழக்கவழக்கம் ஒத்துவருமா, உறவினர் என்ன சொல்வார்கள், தமக்கையின் பேத்திகளுக்கு இடம் அமையுமா என்று காரணங்களைத் தேடித்தேடி அடுக்கினோம். ஒவ்வொன்றும் நாகரிகமான காரணம். அவற்றில் எதிலும் சாதி என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டோம். நான்காம் வாரம், பெண் கேட்டு அவர்கள் வருவதற்கு முன் நாமே அவர்கள் வீட்டுக்குச் செல்வது என்று முடிவாயிற்று.

ஓய்வுக்குப்பின்னும் அவர்கள் லைனிலேயே குடியிருந்தார்கள். கார் மேற்சாலையில் நின்றது. நம் துணைவியார் இறங்கவில்லை. மலைப்பாதையின் வளைவுகளில் தலைசுற்றுகிறது என்றார். இருபத்துமூன்று ஆண்டுகள் அந்த மலைகளில் நம்மோடு குடித்தனம் நடத்தியவர் அவர். ஒன்றும் சொல்லாமல் நாம் மட்டும் படிகளில் இறங்கினோம். பையனின் தாய் வாசலில் நின்று வரவேற்றார். கைகளில் தேயிலைக் கறை, நகக்கண்களில் கறுப்பு. பாய் விரித்து, அதன்மேல் புதுப்போர்வை விரித்து உட்காரச் சொன்னார். சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"எங்க வீட்டுல காப்பித்தண்ணி குடிப்பீங்கல்ல அண்ணே?"

குடிப்போம் என்றோம். புது எவர்சில்வர் டம்ளர். கடையின் ஒட்டுத்தாள் ஒரு பக்கம் சரியாக உரியாமல் இருந்தது. நமக்காகவே வாங்கியிருக்கிறார்கள். குடித்து முடித்ததும் கழுவிவைக்க எழுந்தோம். பதறிப்போய்க் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். பிறகு இன்னொரு டம்ளரில் காப்பியை ஊற்றி, தட்டால் மூடி, மகனிடம் கொடுத்து மேலே காருக்கு அனுப்பினார்.

டம்ளர் வெறுமையாகத் திரும்பி வந்தது. அம்மையார் மகிழ்ச்சியோடு அதைக் கவிழ்த்து வைத்தார். துணைவியார் குடித்தாரா, சாலையோரத்துத் தேயிலைச் செடிக்கு ஊற்றினாரா என்று நாம் இன்றுவரை கேட்கவில்லை.